குவளையில் ஊறிய ஆட்டிறைச்சி



சென்ற சூன் மாதம் பள்ளி திறந்த புதிதில், காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு நாம் ஓர் அறிவுரை கூறினோம். மாலை மணி அடித்ததும் பள்ளி வாயிலுக்கு எதிரேயுள்ள கடையில் அவர்கள் கூட்டமாய் நின்று குளிர்பானம் அருந்துவதைக் குருமனை மாடியிலிருந்து நாள்தோறும் கண்டு மனம் நொந்ததன் விளைவு அது. "ஒரு துண்டு ஆட்டிறைச்சியை அந்தக் கறுப்புக் கலரில் இரவு முழுவதும் போட்டு வைத்துப் பாருங்கள். விடிந்ததும் இறைச்சி இராது, கரைந்து போயிருக்கும். இறைச்சிக்கே இக்கதி என்றால் உங்கள் குடலுக்கு என்ன கதி?" என்று கேட்டோம். பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். நமக்கும் உள்ளூர ஒரு நிறைவு.

இந்த உவமையை நாம் அன்றுதான் முதன்முதலாகச் சொன்னோம் என்றில்லை. தியானங்களிலும், மணமக்களுக்கான ஆயத்த வகுப்புகளிலும், இளையோர் கூட்டங்களிலும் ஆண்டுக்கணக்கில் சொல்லி வந்திருக்கிறோம். நமக்குச் சொன்னவர் யார் என்று எண்ணிப் பார்த்தால், குருமடத்து உணவறையில் நமக்கு இரண்டு வகுப்பு மூத்த ஒருவர். அவருக்கு யார் சொன்னாரோ! நாம் அதைச் செய்து பார்த்ததுமில்லை. செய்து பார்த்தவர் எவரையும் சந்தித்ததுமில்லை. ஆயினும் கண்ணாற் கண்டதுபோலவே சொல்லி வந்தோம்.

ஆகஸ்டு மாதம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நால்வர், இரு சிறுமியரும் இரு சிறுவருமாகக் குருமனைக்கு வந்தனர். "ஃபாதர், நீங்கள் சொன்னதையே அறிவியல் கண்காட்சிக்குச் செய்து காட்டப் போகிறோம். இறைச்சி வாங்கக் காசு வேண்டும்" என்றாள் அவர்களுள் மூத்தவள். மகிழ்ச்சியோடு கால் கிலோவுக்குப் பணம் கொடுத்தோம். இன்று விற்கும் விலையில் ஆட்டிறைச்சியைக் குழம்பிலிடாமல் குவளையிலிடுவதா என்று குருமனைச் சமையற்காரர் முகம் சுளித்தார். அவர் முகச்சுளிப்புக்கு இச்சோதனையில் ஒரு பங்குண்டு. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

அறிவியல் கற்பிக்கும் அருட்சகோதரி மிகவும் கண்டிப்பானவர். துண்டுகள் யாவும் ஒரே ஆட்டின் ஒரே தொடையிலிருந்து எடுத்தவையாக, ஒரே எடையுள்ளவையாக இருக்க வேண்டும் என்றார். ஒரே அளவுக் குவளை, ஒரே அளவு நீர்மம், ஒரே அலமாரி. கறுப்புக் கலர், ஆரஞ்சுக் கலர், எலுமிச்சைச் சுவையூட்டிய கலர், இனிப்பில்லாத வெறும் சோடா, வீட்டில் பிழிந்த எலுமிச்சைச் சாறு, வெறும் தண்ணீர் என ஆறு குவளைகள் ஆயின. அப்போது வேடிக்கை பார்க்க வந்த சமையற்காரர், "கறி கரையணும்னா கலர் எதுக்கு? பப்பாளிக்காய அரைச்சுப் பூசி வையுங்க, அப்புறம் பாருங்க" என்றார். ஏழாவது குவளையில் அதுவும் இடம் பெற்றது.

ஒவ்வொரு நீர்மத்தின் புளிப்பையும் பிள்ளைகள் பி.எச். தாளில் நனைத்துக் குறித்துக்கொண்டனர். இவ்வளவைப் பள்ளியில் படித்து மறந்தோர்க்காக ஒரு சொல்: தூய நீரின் அளவு 7. அதற்குக் கீழே எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். ஒரு படி இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறும். கறுப்புக் கலர் 2-க்கும் 3-க்கும் இடையே நின்றது. நாம் பெருமூச்சுடன் தலையசைத்தோம். ஆனால் வீட்டில் பிழிந்த எலுமிச்சைச் சாறும் அதே இடத்தில்தான் நின்றது.

மறுநாட் காலை பூசை முடிந்ததும் நாமே ஆவலோடு ஆய்வறைக்குச் சென்றோம். இறைச்சி கரையவில்லை. கறுப்புக் கலரில் கிடந்த துண்டு தன் செந்நிறத்தை இழந்து, சாம்பலும் பழுப்புமாய் வெளிறியிருந்தது. விரலால் அழுத்தினால் மேற்புறம் சற்றே கொழகொழத்தது. கலரும் கலங்கி, அடியில் சிறிது வண்டல் படிந்திருந்தது. எடுத்துக் கழுவித் தராசிலிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு ஒன்றும் தெரியவில்லை. எலுமிச்சைச் சாற்றில் இட்டது வெந்த கறிபோல் வெளுத்திருந்தது. மற்றக் கலர்களிலும் ஏறத்தாழ இதே கதை. பப்பாளி விழுது பூசியதுதான் இழையிழையாய்ப் பிரிந்து, குச்சியால் தொட்டாலே கூழாகும் நிலையிலிருந்தது. சமையற்காரர் அன்று முழுவதும் தலை நிமிர்ந்து நடந்தார்.

வெறும் தண்ணீரில் கிடந்த துண்டோ நாற்றமெடுத்துவிட்டது. ஆடி கழிந்தும் தணியாத வெக்கையில் அது வியப்புமன்று. இரண்டாம் நாள் அக்குவளையை அறையில் வைத்திருக்க முடியாமல் வெளியே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். கலரில் கிடந்தது அதுவரை அவ்வாறு நாறவில்லை. நால்வருள் இளையவன், முகத்தில் குறும்பு துளியுமின்றி, மெய்யாகவே அறிய விரும்பிக் கேட்டான்: "அப்படியென்றால், ஃபாதர், தண்ணீர் குடிக்கக் கூடாதென்று சொல்ல வேண்டுமா?"

அக்கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. சூன் மாதத்துக் கூட்டத்தில் நாம் கையாண்ட தருக்கம் அதுவேதான். குவளையிலுள்ள இறைச்சிக்கு நேர்வது குடலுக்கும் நேருமென்றால், தண்ணீரே கொடிய பானம், அடுத்தது பப்பாளிக்காய்.

இவ்விடத்தில் நம் உள்ளத்தில் எழுந்ததை மறைக்காமல் எழுதுவதே முறை. பிள்ளைகள் அனைவரும் கேட்க நாம் சொன்ன சொல் பொய்யாகிறது. அதையும் நாமே பணம் கொடுத்துப் பொய்யாக்கியிருக்கிறோம். எதிர்க்கடைக்காரர் கேள்விப்பட்டால் சிரிப்பார். "கலர் குடித்தால் ஒன்றும் ஆகாதாம், சாமியாரே ஒப்புக்கொண்டார்" என்று பிள்ளைகள் வீடுதோறும் சொல்வார்கள். ஆகவே மூத்த சிறுமியைத் தனியே அழைத்து, "தண்ணீர்க் குவளையைக் கண்காட்சியில் வைக்கத்தான் வேண்டுமா, அம்மா? அது பார்ப்பவர்களைக் குழப்பும். கலர்க் குவளையை மட்டும் பத்து நாள் வைத்திருந்து, பிறகு அதைக் காட்டினால் போதாதா?" என்றோம். பத்து நாளில் அது எப்படியும் சிதைந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும்.

அவள் உடனே விடை சொல்லவில்லை. சற்றுத் தயங்கி, "தண்ணீர் இல்லையென்றால் எதனோடு ஒப்பிடுவது, ஃபாதர்? பத்து நாள் ஆனால் எதில் போட்டாலும் கெட்டுப்போகுமே?" என்றாள். அருட்சகோதரி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நன்மைக்காகச் சொல்லும் பொய்யும் பொய்யே என்று பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம்! குவளைகள் ஏழும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் குருமனைக்குத் திரும்பினோம்.

அன்றிரவு நமக்கு ஸ்பல்லன்சானி நினைவுக்கு வந்தார். குருமட நாட்களில் நூலகத்தில் அவரைப் பற்றி வாசித்ததுண்டு. இத்தாலி நாட்டவர், 1729-இல் பிறந்து 1799-இல் மறைந்தவர், நம்மைப்போல் ஒரு குரு, பவியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். வயிறு உணவை எவ்வாறு செரிக்கிறது என்பது அக்காலத்தில் பெரும் வழக்கு. அரைவைக் கல்போல் அரைக்கிறது என்றனர் ஒரு சாரார். உணவு உள்ளே அழுகுகிறது என்றனர் வேறு சாரார். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1752-இல், துளையிட்ட உலோகக் குழலில் இறைச்சியை வைத்துத் தாம் வளர்த்த பருந்தொன்றை விழுங்கச் செய்து, அது கக்கிய குழலைத் திறந்து பார்த்தார். குழல் நசுங்கவில்லை, உள்ளிருந்த இறைச்சியோ பாதி கரைந்திருந்தது. அரைவைக் கல் வாதம் அத்தோடு ஆட்டங்கண்டது.

ஸ்பல்லன்சானி அடிகள் இன்னும் துணிந்தவர். பறவைகளிலும் விலங்குகளிலும் சோதித்ததோடு அமையாமல், மென்ற ரொட்டியைச் சிறு துணிப்பையில் வைத்துத் தைத்துத் தாமே விழுங்கினார். பை முழுதாய் வெளிவந்தது. உள்ளே ரொட்டி இல்லை. பின்னர் இறைச்சியையும் அவ்வாறே விழுங்கிப் பார்த்தார். அதன்பின் பறவைகளின் இரைப்பை நீரை எடுத்துக் கண்ணாடிக் குழல்களில் இறைச்சியோடு அடைத்து, உடற்சூடு வேண்டுமென்று மூன்று நாள் தம் அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிந்தார். மூன்று நாளும் அவர் பூசை வைத்த விதத்தை எண்ணிப் பார்க்கிறோம்! இறைச்சியும் தண்ணீரும் அடைத்த குழலையும் ஒப்பிடுவதற்காக அவர் வைத்திருந்தார். தண்ணீரில் இருந்தது அழுகிற்று; இரைப்பை நீரில் இருந்தது நாற்றமின்றிக் கரைந்தது. இவற்றையெல்லாம் 1780-இல் அவர் வெளியிட்ட நூலில் காணலாம். நம் பள்ளி அலமாரியில் அந்தச் சிறுமி எடுக்க மறுத்த தண்ணீர்க் குவளைக்கு இருநூறாண்டுக்கு மேற்பட்ட மூதாதை உண்டு.

கலர் இறைச்சியைக் கரைக்காததன் காரணமும் இவ்வழியே விளங்குகிறது. இரைப்பை நீரிலுள்ள அமிலம் உப்பில் விளையும் ஐதரோகுளோரிக் அமிலமே என்பதை 1820-களில் வில்லியம் பிரௌட் என்னும் ஆங்கில மருத்துவர் கண்டார். அமிலம் மட்டும் போதாது, அதனோடு புரதத்தை வெட்டும் பொருளொன்றும் உண்டு என 1836-இல் தியோடர் ஷ்வான் கண்டு அதற்குப் பெப்சின் எனப் பெயரிட்டார். அமிலம் செய்வது புரத இழைகளின் முறுக்கை அவிழ்த்து உருக்குலைப்பது. பெப்சின் செய்வது அவற்றைத் துண்டு துண்டாய் நறுக்குவது. கலரில் அமிலம் உண்டு, கத்தரி இல்லை. ஆகவே இறைச்சி வெளுக்கும், மேற்புறம் இளகும், அவ்வளவே. பெரு நாட்டுக் கடற்கரையார் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து உண்பதும் இந்த அமில வேலைதான். (நோய்க்கிருமிகள் அனைத்தும் இதனால் சாவதில்லை, வீட்டில் முயல வேண்டாம்.) பப்பாளிக்காய்ப் பாலிலோ பப்பைன் என்னும் கத்தரி உண்டு. பாட்டிமார் பெயரறியாமலே அதைக் கிழட்டு ஆட்டின் கறிக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் இதிலிருந்து தெளிவாகும். உணவில்லா வேளையில் நம் வயிற்றுப் புளிப்பின் அளவு 1-க்கும் 2-க்கும் இடையே இருக்கும். அதாவது, எந்தக் கலரைவிடவும் அது கடுமையானது. அத்தனை கடுமையைத் தாங்கும்படி வயிற்றின் உட்சுவரில் சளிப்படலம் ஒன்று இடையறாது சுரந்து காக்கிறது. இறந்த ஆட்டின் தொடைக்கு அக்காவல் இல்லை. குவளை வயிறாகாது.

பல்லின் கதை சற்று வேறு. அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிளைவ் மெக்கே, 1950-இல் அந்நாட்டுப் பேரவைக் குழுவொன்றின் முன் சாட்சியமளித்து, கோலா பானத்தில் போட்ட பல் இரண்டு நாளில் மென்மையாகிறது என்றார். எலிகளைக் கொண்டும் அவர் ஆராய்ந்தவர். வாய் என்பது குவளையன்று, அங்கே உமிழ்நீர் உண்டு என்பது நிறுவனத்தார் தரப்பு மறுமொழி. இரு தரப்பிலும் உண்மையுண்டு. அந்தச் சாட்சியமே பின்னர் வாய்க்கு வாய் வளர்ந்து, பல் இறைச்சியாகி, இரண்டு நாள் ஓரிரவாகி, நம் குருமடத்து உணவறை வரை வந்து சேர்ந்தது போலும்.

பல்லின் மேற்பூச்சான எனாமல், புளிப்பளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சமப்படுத்தும், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஒரே மூச்சில் குடித்து முடிப்பவனைவிட, புட்டியை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாய்வாயாய் உறிஞ்சுபவன் பல்லுக்கே கேடு மிகுதி. குடித்த கையோடு பல் துலக்குவதும் தவறு; இளகிய எனாமலைத் தேய்த்தெடுப்பதாகும். வெறும் நீரால் கொப்பளித்தல் நன்று. இரவில் இது இன்னும் மோசம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைவாகவே சுரக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலானது சர்க்கரை. பிள்ளைகள் புட்டிகளின் மேலொட்டிய சீட்டைப் படித்துக் கணக்கிட்டனர். புட்டிக்குப் புட்டி வேறுபடினும், இனிப்பிட்ட கலரில் பொதுவாக 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. கால் லிட்டர்ப் புட்டியில் 25 கிராம், ஐந்தாறு தேக்கரண்டி. காப்பியில் அவ்வளவு போட்டால் எவரும் துப்பிவிடுவோம். குளிர்ச்சியும் புளிப்பும் சேர்ந்து அதன் தித்திப்பை நாவுக்கு மறைத்துவிடுகின்றன. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் தந்த வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும்; அதாவது வளர்ந்தவர்க்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமுக்குள். அதிலும் பாதியாக்கினால் மேலும் நன்று என்கிறது. இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையோர் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் வெளியிட்டது. நம் பங்கிலும் அந்நோயில்லாத தெருவில்லை. நோயில் பூசுதலுக்குச் செல்லும் வீடுகளில் ஆறாப் புண்ணோடு கிடக்கும் கால்களை நாம் கண்டு வருகிறோம். அதற்குக் கலர் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. மீண்டும் அப்படியொரு மேடைப்பேச்சுக்கு நாம் துணியோம்.

கண்காட்சியில் பிள்ளைகள் ஏழு குவளைகளையும் வரிசையாக வைத்தனர். தண்ணீர்க் குவளைக்கு மட்டும் புதைத்ததற்கு ஈடாக நிழற்படம். மேலே பெரிய எழுத்தில், "இறைச்சி கரையவில்லை". அதன் கீழே ஒவ்வொரு புட்டிக்கும் அருகில், அதிலுள்ள சர்க்கரையை நிறுத்து ஒரு கண்ணாடித் தம்ளரில் குவித்திருந்தனர். பார்த்தவர்கள் இறைச்சிக் குவளைகளை மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தனர். தம்ளர்களுக்கு முன்னே நின்றுவிட்டனர். முதற்பரிசு எரிமலை செய்து புகைவிட்ட வேறொரு பள்ளிக்குப் போயிற்று.

அடுத்த ஞாயிறு, இறுதி ஆசீருக்கு முன், நாம் சொன்னது தவறென்றும், செய்து பார்த்துத் திருத்தியவர் இன்னாரென்றும் பங்கு மக்கள் முன் அறிவித்தோம். நால்வரும் எழுந்து நின்றனர். எதிர்க்கடைக்காரரும் கோவிலில் இருந்தார். அவர் சிரிக்கவில்லை, பூசை முடிந்ததும் அருகில் வந்து, "நெசமாவே அவ்வளவு சக்கரையா, சாமி?" என்று மட்டும் கேட்டார்.

அன்று சந்து வீட்டுப் பாட்டி ஒருவர் ஆறு வயதுப் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பெற்றோர் வெளியூரில் வேலை, பிள்ளை பாட்டியிடம். "கறி கரையாதுன்னு சொல்லிட்டீங்களே சாமி, அப்ப இவனுக்குக் குடுக்கலாமா?" என்றார். சிறுவனை வாய் திறக்கச் சொன்னோம். முன்பற்கள் நான்கும் கருகிய குச்சிகளாய் நின்றன. இரவில் அழுதால் கலர்ப் புட்டியைக் கொடுத்து உறங்கச் செய்வாராம். "பால்பல்லுதான, விழுந்து மொளைக்கும்னு இருந்தேன்" என்றார். ஆறு வயதில் கடைவாயின் நிலைப்பற்கள் பின்னே முளைக்கத் தொடங்கிவிடும், அவை விழுந்தால் மறுபடி முளையா. பால்பல்லின் சொத்தையும் அடியில் காத்திருக்கும் பல்லைக் கெடுக்கலாம் என்றோம். மூதாட்டி பேரனின் வாயைத் தாமே திறந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நம் இறைச்சிக் கதையை அவர் பலமுறை கேட்டவர்தாம். அதற்கு அஞ்சி ஒருநாளும் புட்டியை நிறுத்தியவரல்லர். திங்களன்று அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் அழைத்துப் போவதாகச் சொன்னார். போனார் என்றும் அறிந்தோம்.

பாதுகாவலர் திருவிழாத் தேர்ப்பவனிக்குப்பின் கலர் வழங்கும் வழக்கத்தைக் குறித்துப் பங்குப் பேரவையில் ஒருமணி நேரம் வாதம் நடந்தது. இளையோர் அணி ஒருபுறம், நன்கொடையாளர் மறுபுறம். நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. பிள்ளைகளின் தம்ளர்களை மேசைமேல் வைக்கச் சொன்னதோடு சரி. முடிவில் பந்தலின் ஒரு கோடியில் கலரும் மறு கோடியில் நீர்மோரும் வைப்பதென்று ஒப்புக்கொண்டார்கள். விழா இரவு பத்து மணிக்கு நாம் போய்ப் பார்த்தபோது இரண்டுமே தீர்ந்திருந்தன.